தகடு தெரியும், வாங்கியவர் தெரியாது

கணினி விளையாட்டுகள் குறுந்தகட்டில் விற்கப்பட்ட காலத்தில், கடையில் முழு விலை கொடுத்து வாங்கிய தகட்டைப் போட்ட பிறகும், 'சரியான சிடியைப் போடவும்' என்று திரையில் செய்தி வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். தகடு டிரைவுக்குள்தான் சுழன்றுகொண்டிருக்கும். வெளியே எடுத்து, சட்டைத் துணியில் துடைத்து, மறுபடியும் போட்டால் சில சமயம் ஓடும். சில சமயம் ஓடாது. அதே விளையாட்டின் திருட்டு நகலை வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கோ அந்தச் செய்தி ஒருமுறைகூட வந்திருக்காது. இது தற்செயல் அன்று. நகல் தடுப்பு மென்பொருள் இயங்கும் முறையிலேயே இதற்கான காரணம் இருக்கிறது.

நகல் தடுப்பு அறிய விரும்புவது ஒன்றே ஒன்று: எதிரே உட்கார்ந்திருப்பவர் பணம் கொடுத்தாரா, இல்லையா? ஆனால் அதை நேரடியாக அறியக் கணினிக்கு வழியே இல்லை. ஆகவே பணம் கொடுத்ததற்குச் சாட்சியாக வேறொரு பொருளை அது வைத்துக்கொள்கிறது. அந்தச் சாட்சி தகட்டில் உள்ள ஓர் அடையாளமாக இருக்கலாம், கணினியின் வன்பொருள் அமைப்பாக இருக்கலாம், தொலைவில் உள்ள ஒரு சர்வர் தரும் பதிலாகவும் இருக்கலாம். சாட்சிக்கு ஏதேனும் நேர்ந்தால், வாங்கியவர் திருடராகிவிடுகிறார்.

தகட்டைச் சாட்சியாக்கிய முறைகளில் பெரிதும் பரவியது மேக்ரோவிஷன் நிறுவனத்தின் சேஃப்டிஸ்க். அதன் நுட்பத்தைப் புரிந்துகொள்ள, குறுந்தகட்டில் தரவு எழுதப்படும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தகட்டில் ஒவ்வொரு எட்டு பிட்டும் பதினான்கு பிட்டாக மாற்றப்பட்டு, பள்ளங்களாகவும் அவற்றுக்கு இடைப்பட்ட சமதளங்களாகவும் பதிகிறது. பள்ளங்களின் மொத்த நீளமும் சமதளங்களின் மொத்த நீளமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால்தான் லேசர் கற்றை தடம் மாறாமல் படிக்க முடியும். இந்தச் சமநிலைக்காகவே, ஒவ்வொரு பதினான்கு பிட்டுக்கும் இடையில் மூன்று இணைப்பு பிட்டுகள் செருகப்படுகின்றன. தராசின் எந்தத் தட்டு தாழ்கிறது என்று பார்த்து, எழுதும் கருவி இந்த மூன்றையும் தேர்ந்தெடுக்கிறது.

எல்லாத் தரவையும் இப்படிச் சரிக்கட்டிவிட முடியாது. சில குறிப்பிட்ட பிட் வரிசைகள் திரும்பத் திரும்ப வந்தால், எளிய கணக்குப் போடும் மலிவான சிடி ரைட்டர்கள் தடுமாறிவிடும். தராசு ஒரே பக்கமாகச் சாய்ந்து, அந்தச் செக்டார், அதாவது தகட்டில் தரவு பதியும் அந்தச் சிறு பகுதி, படிக்க முடியாததாகிவிடும். தகடுகளை அச்சிடும் ஆலைகளின் உயர்தரக் கருவிகளோ அதே வரிசையைச் சரியாகப் பதித்துவிடும். சேஃப்டிஸ்க்கின் இரண்டாம் தலைமுறை இந்த வேறுபாட்டைத்தான் பிடித்துக்கொண்டது. 'வலுவற்ற செக்டார்கள்' எனப்பட்ட அத்தகைய பகுதிகளை வேண்டுமென்றே அசல் தகட்டில் வைத்து, அவை படிக்கக் கிடைக்கின்றனவா என்று விளையாட்டைத் தொடங்கும்போது சோதித்தது. கிடைத்தால் அசல், கிடைக்காவிட்டால் நகல். கணக்கைப் பார்த்தால் அழகான யோசனைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் படிக்கவே கடினமாகத் திட்டமிட்டு எழுதப்பட்ட இடம், கீறலுக்கும் தூசிக்கும் முதலில் பலியாகும் இடமும் ஆகும். லென்ஸ் மங்கிய பழைய டிரைவில், குறையே இல்லாத அசல் தகடும் தேர்வில் தோற்றுப்போனது. 'சரியான சிடியைப் போடவும்' என்ற செய்திக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் இவ்வளவுதான்.

சரி, திருட்டு நகல் எப்படித் தப்பித்தது? எவ்வளவு நுட்பமான சோதனையாக இருந்தாலும், அதன் முடிவு நிரலில் ஓரிடத்தில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று வந்து நிற்க வேண்டும். எளிய காப்பு முறைகளில் அந்த இடம் ஒரே ஒரு கிளைக் கட்டளைதான். இன்டெல் வகைச் செயலிகளில் பதினாறடிமான எண் 74 எனத் தொடங்கும் கட்டளைக்கு 'விடை பொருந்தினால் அங்கே தாவு' என்று பொருள். அந்த ஒரு பைட்டை மாற்றி 'எதுவானாலும் தாவு' என்னும் கட்டளைக்குரிய பைட்டை எழுதிவிட்டால், சோதனை நடந்தாலும் அதன் முடிவை எவரும் கேட்கப்போவதில்லை. சேஃப்டிஸ்க் இதை அறிந்திருந்ததால், விளையாட்டின் முதன்மை நிரலையே மறையாக்கம் செய்து வைத்து, தகடு சரியென்று தெரிந்த பிறகே அதை விடுவித்தது. ஆயினும் நிரல் ஓட வேண்டுமானால், நினைவகத்தில் அது மறை நீங்கிய வடிவில் இருந்தே தீர வேண்டும். கிராக் செய்பவர், அதாவது பூட்டை உடைப்பவர், ஓர் அசல் தகட்டை வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நினைவகத்திலிருந்து அப்படியே எடுத்துச் சேமித்துக்கொண்டார். அவர் ஒருவர் ஒருமுறை உழைத்தால் போதும். அந்தக் கோப்பைப் பெற்றவர் எவரும் பூட்டைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. நாள்தோறும் பூட்டின் முன் நின்றவர் வாங்கியவர் மட்டுமே.

இந்தச் சோதனையைப் பயனர் எளிதில் குலைத்துவிடாதபடி, சேஃப்டிஸ்க் இயங்குதளத்தின் கெர்னலில், அதாவது எல்லா உரிமையும் உள்ள மையப் பகுதியில், டிரைவர் எனப்படும் இயக்கு நிரல் ஒன்றை வைத்தது. 'செக்டிஆர்வி' என்னும் அந்த டிரைவர் விண்டோஸ் எக்ஸ்பியுடன் சேர்ந்தே வந்தது. 2007ஆம் ஆண்டில் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. சாதாரணப் பயனரின் உரிமையோடு உள்ளே வந்த ஒரு நிரல், அந்த ஓட்டையின் வழியாகக் கணினி முழுவதையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு டிசம்பரில்தான் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. வாழ்நாளில் ஒரு விளையாட்டைக்கூட வாங்காத அலுவலகக் கணினிகளிலும் அந்த டிரைவர் இருந்தது என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் செய்தி.

தகட்டுக்குப் பிறகு சாட்சியாக வந்தது கணினியே. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி கொண்டுவந்த ஆக்டிவேஷன் முறை, செயலி, வன்தட்டு, நெட்வொர்க் கார்டு உள்ளிட்ட பத்து வன்பொருள் கூறுகளைச் சுருக்கி ஒரு கைரேகைபோல ஆக்கிக்கொண்டது. சில உறுப்புகள் மாறினால் பொறுத்துக்கொண்டது, பல மாறினால் மறுபடியும் அனுமதி கேட்கச் சொன்னது. பின்னர் வந்தவர்கள் இவ்வளவு பொறுமை காட்டவில்லை. 2008 செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட ஸ்போர் விளையாட்டை மூன்று கணினிகளில் மட்டுமே ஆக்டிவேட் செய்ய முடிந்தது. வாங்கியவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அது ஐந்தாக உயர்ந்தது.

கைரேகை தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு 2021 நவம்பரில் வேடிக்கையான ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. இன்டெல்லின் ஆல்டர் லேக் செயலிகளில் வேகமான உட்கருக்களும் (கோர்), மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் உட்கருக்களும் ஒரே சில்லில் இருந்தன. விளையாட்டு நிரல் முதல் வகையில் ஓடிக்கொண்டிருந்து இரண்டாம் வகைக்கு மாறியபோது, சில நகல் தடுப்பு மென்பொருள்கள் அதை வேறொரு கணினி என்றே முடிவுகட்டின. புத்தம் புதிய செயலியையும் விளையாட்டையும் காசு கொடுத்து வாங்கியவருக்கு விளையாட்டு தொடங்கவில்லை, அல்லது நடுவில் நின்றது. தற்காலிகத் தீர்வாக, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் என்னும் அடிப்படை நிரலில் ஒரு வசதியை இயக்கிவிட்டு, விசைப்பலகையில் ஸ்க்ரோல் லாக் விசையை அழுத்திச் சிக்கன உட்கருக்களை உறங்க வைக்கும் வழியை இன்டெல் அளித்தது. அந்த விசைக்கு ஒரு வேலை கிடைத்தது என்று மகிழ்ந்துகொள்ளலாம்.

சர்வரைச் சாட்சியாக்கும் முறையில், சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அதைவிட மோசமானது, படுக்காமல் தவறான பதிலைச் சொல்லும் சர்வர். 2007 ஆகஸ்ட் 24 அன்று, விண்டோஸ் அசலா என்று சோதிக்கும் மைக்ரோசாஃப்டின் சர்வர்களில், இன்னும் வெளியிடப்படாத நிலையில் இருந்த நிரல் தவறுதலாக ஏற்றப்பட்டது. ஏறத்தாழ 19 மணி நேரம், முறையாக வாங்கிய எக்ஸ்பியையும் விஸ்டாவையும் அது 'அசல் அல்ல' என்றது. விஸ்டா வைத்திருந்தவர்களில் இந்தப் பதிலைப் பெற்றவர்களுக்குச் சில வசதிகள் முடங்கின. பாதிக்கப்பட்டவை 12,000க்கும் குறைவான கணினிகள் என்று அந்நிறுவனம் கூறியது. சர்வர் கிடைக்காமல் போனால் கணினியை அசலாகவே கருதும்படிதான் அந்த முறை வடிவமைக்கப்பட்டிருந்தது. அதாவது சர்வர் முழுவதும் விழுந்திருந்தால் எவருக்கும் தொல்லை இருந்திருக்காது.

வன்பொருளே பூட்டாக வரும் டாங்கிளின் கதையும் இதே வகைதான். எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில், தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்கான டாங்கிள் பழைய பிரிண்டர் போர்ட்டில்தான் பொருந்தும். புதிய கணினிகளில் அந்தப் போர்ட் இல்லாததால், அந்த ஒரு மென்பொருளுக்காகவே மஞ்சள் பூத்த பழைய பெட்டி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மின்தடை வரும்போதெல்லாம் உரிமையாளர் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பார்.

சேஃப்டிஸ்க்கின் முடிவும் 2015இல் வந்தது. விண்டோஸ் 10இல் அந்த டிரைவருக்கு இடமே தரப்படவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பாதுகாப்புத் திருத்தம் விஸ்டா, விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் அதை நிறுத்தி வைத்தது. பாதுகாப்பு நோக்கில் இது சரியான முடிவே. ஆனால் அதன் பின் அந்தத் தகட்டைச் சோதிக்கக் கணினியில் ஆளில்லை. சோதனை நடக்காததால் விளையாட்டும் தொடங்குவதில்லை. சில நிறுவனங்கள் தகடு கேட்காத திருத்தப் பதிப்பை வெளியிட்டன. சில விளையாட்டுகள் பூட்டு இல்லாமல் இணையத்தில் மறுபடியும் விலைக்கு வந்தன. இரண்டும் வாய்க்காத விளையாட்டை அலமாரியில் வைத்திருப்பவர், தன் சொந்தத் தகட்டை ஓட்டுவதற்காக, யாரோ பல ஆண்டுகளுக்கு முன் கிராக் செய்து வைத்த கோப்பைத் தேடி, அதில் வைரஸ் இருக்காது என்று நம்பித் தரவிறக்க வேண்டியிருக்கிறது.