மனந்திரும்புதலா, மனமாற்றமா?

‘மனந்திரும்புதல் என்றால் யூ-டர்ன். திரும்பின வண்டி மறுபடியும் பழைய ரோட்டில் ஓடினால் அது திரும்பவே இல்லை என்று அர்த்தம்.’ பிரசங்கங்களில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. குடியையோ ஆபாசப் படத்தையோ விட முடியாமல் வாரம் தவறாமல் அழுது ஜெபிக்கிறவன், இதைக் கேட்டதும் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறான்: மறுபடி விழுந்தேன், அதனால் நான் மனந்திரும்பவில்லை, அதனால் எனக்கு மன்னிப்பும் இல்லை. சொல்லைப் பாதி மட்டும் புரிந்துகொண்டதால் வந்த வினை இது. இதற்கு மாற்றாகச் சிலர் நீட்டுகிற ‘மனமாற்றம்’ இதைவிட மோசம்.

வேர்ச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் மெட்டனோயா. மெட்டா என்றால் பின், மாறி. நூஸ் என்றால் மனம், புத்தி. லத்தீன் வேதாகமம் இதைப் ‘பெனிடென்சியா’ ஆக்கியது. வருத்தம், தவமுயற்சி இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ், ‘புத்தி தெளியுங்கள்’ என்பதே பொருத்தம் என்று வாதாடினார். மறு வருடம் சபைச் சீர்திருத்தவாதி லூத்தரின் 95 கூற்றுகளில் முதலாவதே இந்தச் சொல்லைப் பற்றியதுதான்: விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும்! ஒரே தடவை அடிக்கிற யூ-டர்ன் இதில் எங்கே இருக்கிறது?

தமிழுக்கு வருவோம். பழைய திருப்புதலில் (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில்) மத்தேயு 3:2 ‘மனந்திரும்புங்கள்’. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் ‘மனம் மாறுங்கள்’. அகராதியை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் கிரேக்கத்துக்கு நெருக்கம். மெட்டனோயாவுக்குள் ‘திரும்பு’ கிடையாது. திரும்புதலுக்குக் கிரேக்கத்தில் எபிஸ்ட்ரெஃபோ என்று தனி வினையே உண்டு. அப்போஸ்தலர் 3:19-இல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. பழைய திருப்புதல் அங்கே ‘மனந்திரும்பிக் குணப்படுங்கள்’ என்கிறது. குணப்படுதல் என்றால் காய்ச்சல் நீங்குவது என்றுதான் இன்றைய வாசகனுக்குத் தோன்றும். அது வேறு கதை.

ஆனால் அகராதி நெருக்கம் வேறு, தமிழ்க் காதில் விழுகிற பொருள் வேறு. ‘பொண்ணு வீட்டுக்காரங்க மனசு மாறிட்டாங்க’ என்றால் என்ன? சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கிவிட்டார்கள். மனம் மாறுவது தமிழில் ஒரு தீர்மானத்தைக் கைவிடுவது. நல்லதற்கும் இருக்கலாம், கெட்டதற்கும் இருக்கலாம், யாரை நோக்கி என்ற திசை அதில் இல்லை. பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. எபிரெயர் 12:17-இல், தகப்பனின் ஆசீர்வாதத்தை இழந்த ஏசா கண்ணீர்விட்டுத் தேடியும் ‘மனம் மாறுதலைக் காணாமற்போனான்’ என்று எழுதினார்கள். கிரேக்கத்தில் அங்கேயும் மெட்டனோயாதான். ஆனால் அது தகப்பன் ஈசாக்கின் தீர்மானம் மாறாததைச் சொல்கிறது என்று கொள்ள இடமிருப்பதால், அங்கே சொல்லை மாற்றினார்கள். ‘என் அழுகையும் ஏசாவின் அழுகைதானோ’ என்று நடுங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, மாற்றம் என்பது முடிந்துபோன நிலை. மாறியாயிற்றா, இல்லையா என்ற கேள்விதான் அதற்கு உண்டு. லூக்கா 17:4-இல் இந்தச் சொல்லை வைத்துப் பாருங்கள். ஒரே நாளில் ஏழு தரம் குற்றம் செய்து, ஏழு தரமும் வந்து ‘நான் மனம் மாறிவிட்டேன்’ என்கிறான் ஒருவன். மூன்றாம் தரமே சிரிப்பு வந்துவிடும். கிரேக்க வசனமோ அவனைக் கேலி செய்யவில்லை. ஏழு தரம் ‘உன்னிடத்தில் திரும்பி வந்து’ (இங்கே எபிஸ்ட்ரெஃபோ) ‘மெட்டனோஓ’ (மெட்டனோயாவின் வினை) என்று சொல்கிறான்; மன்னித்துவிடு என்கிறார் இயேசு. திரும்பி வருவதும் மெட்டனோயாவும் ஒரே மூச்சில் வருகிற இடம் இது. பழக்கமாகிவிட்ட பாவத்தோடு போராடுகிறவனுக்கு இதைவிட நெருக்கமான வசனம் இல்லை. சகோதரனிடம் ஏழு தரம் எதிர்பார்க்கிறவர், தாம் ஒரு தரத்தோடு நிறுத்திக்கொள்வாரா?

வருத்தம் என்னவென்றால், பழைய திருப்புதலே இந்த இடத்தில் சறுக்கிவிட்டது. ‘நான் மனஸ்தாபப்படுகிறேன்’ என்று போட்டிருக்கிறது. அதே மனஸ்தாபத்தைத்தான் மத்தேயு 27:3-இல் யூதாசுக்கும் கொடுத்திருக்கிறது. அங்கே கிரேக்கம் வேறு: மெட்டமெலோமாய், அதாவது செய்ததை நினைத்து உள்ளுக்குள் வேகுவது. 2 கொரிந்தியர் 7:10-இல் இரண்டையும் அழகாகப் பிரித்துக் காட்டிய மொழிபெயர்ப்பு, லூக்காவில் கோட்டை விட்டது. போதாக்குறைக்கு இன்றைய பேச்சில் மனஸ்தாபம் என்றால் இரண்டு வீட்டாருக்கு நடுவே வந்த பிணக்கு. கத்தோலிக்கரின் ‘உத்தம மனஸ்தாப’ ஜெபத்தில் மட்டும் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது.

அந்த ஜெபத்தில் வரும் பிரதிக்கினையும் (இனிப் பாவம் செய்வதில்லை என்ற உறுதிமொழி) தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. 1551-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் மனஸ்தாபத்தை வரையறுத்தபோது மூன்றைச் சேர்த்தது: செய்த பாவத்துக்காக ஆத்தும வேதனை, அந்தப் பாவத்தின்மேல் வெறுப்பு, இனி செய்வதில்லை என்ற தீர்மானம். தீர்மானம் என்பது இந்த நிமிஷத்தின் சித்தம். ‘நாளைக்கு விழுந்துவிடுவேனோ’ என்ற பயம் அதை ரத்து செய்யாது. அதை ரத்து செய்வது, நாளைக்கு வேண்டும் என்று பாட்டிலையோ போன் நம்பரையோ பத்திரமாக ஒளித்து வைப்பது. பாவ சந்தர்ப்பத்தை விலக்கினாயா என்று, குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்பது இதனால்தான்.

இனி ‘திரும்பு’. எபிரெயத்தில் தீர்க்கதரிசிகளின் சொல் ஷூப். மத்தேயு 3:2-இல் யோவான் ஸ்நானன் கூப்பிட்ட கூப்பாடு அவர்களுடைய கூப்பாடுதான். எரேமியா 3:22-இல், ‘சீர்கெட்ட பிள்ளைகளே, திரும்புங்கள்’ என்ற வரியில், சீர்கெட்டு விலகிப்போனதற்கும் திரும்பி வருவதற்கும் ஒரே வேர். தமிழிலும் கிட்டத்தட்ட அப்படித்தான்: திரும்பத் திரும்பப் பாவம் செய்கிறவனும் திரும்புகிறான், வீடு திரும்புகிறவனும் திரும்புகிறான். யூ-டர்ன்காரர்கள் இந்தச் சொல்லில் திசையை மட்டும் பார்க்கிறார்கள், வீட்டை விட்டுவிடுகிறார்கள். லூக்கா 15-இல், வீட்டை விட்டுப் போன இளைய குமாரனுக்குப் ‘புத்தி தெளிந்தது’. எராஸ்மஸ் தேடிய பொருளே அதுதான். ஆனால் தெளிந்த புத்தியோடு பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்து வருத்தப்பட்டுக்கொண்டே இருந்திருந்தால் அது மனந்திரும்புதல் ஆகியிருக்காது. எழுந்து தகப்பன் வீட்டுக்கு நடந்தான். கிருபை பெருகட்டும் என்று பாவத்திலே குடியிருக்கிறவனுக்கு ரோமர் 6 சொல்லும் ‘கூடாதே’ இங்கேதான் பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இன்னும் ஒன்று. ஆங்கிலப் பக்திப் புத்தகங்களைத் தமிழாக்கும்போது ‘பழக்கவழக்கப் பாவம்’ என்று எழுதுகிறார்கள். பழக்கவழக்கம் என்பது கல்யாணத்தில் சீர் வைப்பது, பொங்கலுக்குக் கரும்பு வாங்குவது. பழகிப்போன பாவம் என்றால் போதும். எபிரெயர் 12:1 இன்னும் கச்சிதமாக ஒன்றைத் தருகிறது: ‘நம்மைச் சுற்றி நெருங்கிநிற்கிற பாவம்’. விட முடியாமல் தவிக்கிறவனுக்கு அது எப்படி இருக்கிறது என்பதை இந்த நான்கு சொல்லும் அப்படியே சொல்லிவிடும்போது, புதுச் சொல் பண்ண என்ன அவசரம்?