"யானையை நான் சுடலை, சார்"

தர்மபுரி, கிருஷ்ணகிரி கோர்ட்டுகளில் வனக்குற்ற வழக்குகளில் ஆஜராகிறேன். தந்தத்தோடு பிடிபட்டவர்கள் என்னிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்: "யானையை நான் சுடலை, சார். கமிஷனுக்கு கைமாத்திவிடப் போனேன், அவ்வளவுதான்." உண்மையாகவும் இருக்கலாம். அதனால் பெரிய பயன் இல்லை.

இந்திய யானைத் தந்த வியாபாரம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986 திருத்தத்திலேயே தடையானது. 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் அதே கதி. பொருள் உங்களிடம் இருந்தது என்று நிரூபணமாகிவிட்டால், அது சட்டவிரோதமாக வந்ததுதான் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள்தான். மகசரில், அதாவது பொருளைப் பறிமுதல் செய்தபோது எழுதிய பதிவில், ஓட்டை தேடுவது எங்கள் தொழில், ஆனால் எல்லா மகசரிலும் ஓட்டை இருக்காது. தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். விலை பேச வந்த 'பெங்களூர் பார்ட்டி' பல நேரம் மஃப்டியில் வந்த வனத்துறைக்காரர்தான்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் காட்டோரம் இருப்பவர்களுக்கு ஆபத்து வேறு வழியில் வரும். தந்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மண்டைக்குள் இருக்கிறது. மின்வேலியில் சிக்கியோ நோயிலோ செத்த ஆண் யானையின் உடல் அழுகினால் அது கழன்று வந்துவிடும். மாடு மேய்க்கப் போனவர் கண்ணில் படுகிறது. "செத்த யானைதானே, யாருடையது?" அரசுடையது. தானாகச் செத்திருந்தாலும் அப்படித்தான். கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறையிலோ சொல்லி ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டம். தொடாமலேயே ரேஞ்சர் ஆபீசுக்குத் தகவல் சொல்வது இன்னும் நல்லது. வைக்கோல் போருக்குள் ஒளித்துவிட்டு புரோக்கரைத் தேடினால், கண்டெடுத்தவர் என்ற நிலை போய் குற்றவாளி ஆகிவிடுகிறீர்கள்.

"அது எலும்பு, சார்" என்ற வாதமும் நிற்காது. குறுக்கே வெட்டிய தந்தத்தில் ஒன்றையொன்று வெட்டிப்போகும் கோடுகள் தெரியும். எலும்பில் அவை இருக்காது. சந்தேகம் வந்தால் ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி உயிரியல் ஆய்வு மையம் போன்ற இடங்களில் டிஎன்ஏ பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், தாத்தா காலத்துத் தந்தம். உரிமைச் சான்றிதழ் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது. வாரிசாக உங்களுக்கு வந்தால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சான்றிதழே எடுக்காத வீடுகளுக்கு 2003-இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள், அது எப்போதோ முடிந்துவிட்டது. அப்படி ஏதும் பீரோவில் இருந்தால், விலை கேட்டு யாருக்கும் போட்டோ அனுப்புவதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள்.