கடைசி நான்கு கிலோமீட்டர்

2013 ஜூலை 24, இரவு எட்டே முக்காலை நெருங்கும் நேரம். ஸ்பெயினின் வடமேற்கில் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகருக்குள் நுழையவேண்டிய அல்வியா என்ற விரைவு ரயில், ஊருக்குச் சற்று முன்னால் ஆங்ரோயிஸ் என்ற இடத்தில் உள்ள வளைவில் தடம் புரண்டது. ஏறக்குறைய 80 பேர் இறந்தார்கள். வளைவின் வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். தடம் புரண்டபோது வண்டியின் வேகம் 179.

இரு மடங்குக்குச் சற்று மேல்தானே என்று தோன்றலாம். ஆனால் வளைவில் வண்டியை வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி வருவதற்கு) ஏற்பக் கூடும். வேகம் 2.24 மடங்கு என்றால் தள்ளல் 5 மடங்கு. அந்த வளைவின் ஆரம் சுமார் 400 மீட்டர். 80-இல் போனால், பயணியைத் தன் எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குப் பக்கவாட்டில் யாரோ மெல்லச் சாய்ப்பதுபோல் இருக்கும். 179-இல் அதுவே எடையில் அறுபது சதவீதத்தைத் தாண்டிவிடும். வெளிப்புறத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போடுவது ஓரளவுக்குக் கைகொடுக்கும். இவ்வளவுக்கு அது தாங்காது.

சரி, ஓட்டுநர் ஏன் நேரத்தோடு பிரேக் பிடிக்கவில்லை? அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அரட்டை இல்லை, அலுவல் விஷயம்தான். டிக்கெட் பரிசோதகர் கூப்பிட்டிருந்தார். பொன்தெதெயுமே நிலையத்தில் ஒரு குடும்பம் இறங்கவேண்டும், வண்டியை அவர்களுக்கு வசதியான பிளாட்பாரத்தில் நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. பேச்சு சுமார் 100 விநாடி நீடித்தது. 200-ஐ ஒட்டிய வேகத்தில் 100 விநாடிக்குள் வண்டி ஐந்தரை கிலோமீட்டர் ஓடிவிடும். 200-இலிருந்து 80-க்கு இறங்க, வழக்கமான பிரேக்கில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். அதாவது பிரேக் பிடிக்கவேண்டிய இடம் வந்து, பேச்சோடு பேச்சாகப் பின்னால் போய்விட்டது. சுரங்கங்களும் பாலங்களும் மாறி மாறி வரும் பாதை அது. எந்தச் சுரங்கத்தில் இருக்கிறோம் என்பதே அவருக்குக் குழம்பிவிட்டது.

ஓட்டுநர் தூங்கிவிட்டாரா என்று பார்க்க பல ரயில்களில் ஒரு கருவி உண்டு. அவ்வப்போது மிதியையோ பொத்தானையோ அழுத்தச் சொல்லும். ஆள் விழித்திருக்கிறாரா என்பது மட்டும்தான் அதற்குத் தேவை. எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிகிறதா என்பதை அது கேட்காது.

அதைக் கவனிக்கத்தான் ஈ.ஆர்.டி.எம்.எஸ் என்ற ஐரோப்பிய ஏற்பாடு இருக்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த சிறு பெட்டிகள், மேலே போகும் வண்டிக்கு அது இருக்கும் இடத்தைச் சொல்லும். அடுத்த வேக வரம்பு எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது, எந்தப் புள்ளியில் வேகம் குறையத் தொடங்கவேண்டும் என்று வண்டியின் கணினி ஓயாமல் கணக்குப் போடும். ஓட்டுநர் பிரேக் பிடிக்காவிட்டால் தானே பிடிக்கும்.

ஊரன்ஸே நகரிலிருந்து சாந்தியாகோவுக்கு வரும் இந்தப் பாதை 2011 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. புத்தம் புதிய பாதை, ஈ.ஆர்.டி.எம்.எஸ்-உம் போட்டிருந்தார்கள். ஆனால் வளைவுக்குச் சுமார் நான்கு கிலோமீட்டர் முன்னாலேயே அது முடிந்துவிட்டது. தொடக்கத் திட்டத்தில் நிலையம்வரை இருந்தது, திட்டத்தை மாற்றியபோது அந்தக் கடைசித் துண்டு கழன்றுபோனது. போதாததற்கு, கோளாறு தருகிறது என்று இந்த வகை ரயில்களில் வண்டியில் இருந்த ஈ.ஆர்.டி.எம்.எஸ் கருவியையும் 2012-இல் அணைத்துவிட்டார்கள். அது இயங்கியிருந்தால், அந்த ஏற்பாடு முடிந்து பொறுப்பு ஓட்டுநர் கைக்கு மாறும் இடத்திலாவது ஓட்டுநரை ஒருமுறை கூப்பிட்டிருக்கும்.

மிச்சம் இருந்தது அஸ்ஃபா என்ற பழைய ஏற்பாடு. சிக்னலைக் காவல் காப்பதே அதன் முதல் வேலை. அன்று சிக்னல் பச்சை. வழி காலியாக இருக்கிறது என்பதைத் தவிரப் பச்சை வேறெதுவும் சொல்லாது. 200-இலிருந்து 80-க்கு இறங்குவது முழுக்க ஓர் ஆளின் ஞாபகத்தில் தொங்கியது. இதில் ஆபத்து இருக்கிறது என்று பாதை திறந்த மாதத்திலேயே ஓட்டுநர்களின் மேற்பார்வையாளர் ஒருவர் எழுத்தில் எச்சரித்திருந்தார்.

ஜப்பான் ஓட்டுநர்கள் சிக்னலை விரலால் சுட்டி உரக்கச் சொல்வார்கள். நம் ஊரிலும் லோகோ பைலட்டும் உதவியாளரும் சிக்னலை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது வழக்கம். கையும் வாயும் சேர்ந்தால் கவனம் சிதறுவது குறையும் என்பது உண்மை. ஆங்ரோயிஸில் ஓட்டுநர் அறையில் ஒரே ஆள். தவிர, சுட்டிக் காட்ட முன்கூட்டியே ஏதாவது இருக்கவேண்டுமே. வேகத்தைக் குறை என்று கட்டாயப்படுத்தும் எதுவும் வளைவுக்கு முன்னால் இல்லை.

விபத்துக்கு அப்புறம், வளைவுக்கு முன்னால் தண்டவாளத்தில் அஸ்ஃபா பெட்டிகளைப் பதித்தார்கள். வரம்பைத் தாண்டி வரும் வண்டியை அவை நிறுத்திவிடும். வேலை சில நாட்களில் முடிந்தது. அந்தத் தொழில்நுட்பம் 1970-களிலிருந்தே ஸ்பெயினில் இருக்கிறது.