எதற்கு மீட்டிங் என்று சொல்லாத மெயில்

"நாளை மாலை 4 மணிக்கு எல்லோரும் மீட்டிங்குக்கு வரவும்." மேலாளரிடமிருந்து இப்படி ஒரே ஒரு வரி வருகிறது, எதற்கு என்று இல்லை. கம்பெனி கைமாறப் போகிறது, டீமைக் கலைக்கப் போகிறார்கள் என்று ஏற்கெனவே காதில் விழுந்துகொண்டிருக்கிறது. அப்புறம் வேலை எங்கே ஓடும்? தோள் இறுகிக்கொள்ளும், புதிதாக எதுவும் இருக்காது என்று தெரிந்தே அந்த மெயிலை நாலாவது தடவையும் திறந்து பார்ப்பீர்கள்.

இதை மன பலவீனம் என்று நினைக்காதீர்கள். 2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 45 பேரை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு ஆட வைத்தார்கள். திரையில் கல் வரும், அதன் அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும், இருந்தால் கையில் சுரீரென்று ஒரு ஷாக். கண்மணி எவ்வளவு விரிகிறது, எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்துகொண்டே இருந்தார்கள். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தவர்கள்கூட அவ்வளவு பதறவில்லை. வாய்ப்பு பாதிக்குப் பாதி, அதாவது 50 சதவீதமாக இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போனது. பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்விலும் இதே மாதிரிதான்: ஒரு பிரிவு தனியார்மயமாகப் போகிறது என்றதுமே, மாற்றம் நடப்பதற்கு முன்பே, அங்கிருந்தவர்கள் தங்கள் உடல்நிலை மோசமானதாகச் சொன்னார்கள்.

மூளை எப்போதும் அடுத்து வருவதை ஊகித்துக்கொண்டே இருக்கிற உறுப்பு. தகவல் இல்லாத இடத்தைக் காலியாக விட அதற்கு மனம் வராது, கையில் கிடைத்த பயத்தை வைத்து நிரப்பிவிடும். உடனே அமிக்டலா என்ற பகுதி அபாயமணி அடிக்கிறது, அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் இறங்குகிறது, மூளைக்குள் நோரட்ரீனலின் என்ற ரசாயனம் ஏறுகிறது, அது அளவு மீறும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற, நிதானித்து முடிவெடுக்கிற பகுதி தளர்ந்துபோகிறது. தெளிவாக யோசித்தே ஆக வேண்டிய நாளில் யோசிக்கும் இடமே சோர்ந்துவிடுவது எவ்வளவு கொடுமை!

மைண்ட்ஃபுல்னெஸ் கைகொடுப்பது இங்கேதான். மனதைக் காலியாக்குவது என்று பலரும் நினைக்கிறார்கள், அது இல்லை. 1979-இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நாள்பட்ட வலியோடு இருந்தவர்களுக்குத் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியின் சாரமே, இப்போது என்ன இருக்கிறதோ அதை அப்படியே கவனிப்பதுதான். "4 மணிக்கு மீட்டிங்" என்பது தகவல். "என்னைத்தான் அனுப்பப் போகிறார்கள்" என்பது மூளை சேர்த்த வரி. இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரியும். அவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் பயிற்சி.

சரி, அதை எப்படிச் செய்வது? நாற்காலியை விட்டு எழ வேண்டாம். பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகிற வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைக் கொஞ்சம் தணிக்கிறது, நாடியில் விரல் வைத்தால் உங்களுக்கே தெரியும். அப்புறம் உள்ளுக்குள் பெயர் சொல்லுங்கள்: "இது பயம்", "இது கோபம்". சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கலாம், ஆனால் உணர்ச்சியை வார்த்தையில் சொன்னபோது அமிக்டலாவின் வேகம் குறைந்ததை 2007-இல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளை ஸ்கேனிலேயே காட்டினார்கள். சும்மா இருக்கிற நாட்களிலும் பழகிவையுங்கள், நெருக்கடி வந்த பிறகு தொடங்கினால் கைக்கு வராது.

இதை மந்திரம் என்று நான் சொல்லமாட்டேன். 47 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, தியானப் பயிற்சிகளால் பதற்றமும் மனச்சோர்வும் மிதமாகக் குறைகின்றன என்றது, அவ்வளவுதான். அதனால் ஊழியர்களுக்குத் தியான வகுப்பு வைத்துவிட்டு விவரத்தைப் பூட்டிவைக்கும் நிர்வாகங்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. நீங்களே அந்த மெயிலை அனுப்புகிறவராக இருந்தால், "ஷிஃப்ட் நேரம் மாறுவது பற்றிப் பேச" என்று இன்னும் சில வார்த்தைகள் சேர்த்து அனுப்புங்கள், இருபது பேர் அன்று ராத்திரி தூங்குவார்கள்.