ஹைகோர்ட் ஜட்ஜ் சொன்னாலே சட்டமாகிவிடுமா?

பாகப்பிரிவினைத் தகராறோடு பெங்களூரின் அல்சூர், சிவாஜிநகர் பக்கத்திலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களில் பலருடைய போனில் இதே பார்வர்டு: "1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கில்லை, ஹைகோர்ட்டே சொல்லிவிட்டது." அதை நம்பி அக்கா தங்கைகள், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். வக்கீலைத் தேடுவது அதற்கு அப்புறம்தான்!

அந்தத் தேதி, இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தத்துக்கு உரியது. கர்நாடகத் திருத்தம் 1994-ல் வந்தது. 2005 செப்டம்பர் 9-ல் மத்தியத் திருத்தம் வந்த பிறகு இரண்டையும் பிடித்துத் தொங்குவதில் பயனில்லை. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். அது கர்நாடகத்திலிருந்து போன வழக்கு என்பதால் இங்கே இன்னும் சுற்றுகிறது. 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றிவிட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளின் உரிமை பிறப்பால் வருவது; அப்பா இருந்தாரா, போனாரா என்பது கணக்கில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்திலோ கோர்ட் டிக்ரியிலோ முடிந்த பாகத்தைக் கலைக்க முடியாது. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சைட் (மனை) வேறு விஷயம். அதை அவர் யாருக்கும் உயில் எழுதலாம்.

ஜட்ஜ் வாயில் வருவதெல்லாம் தீர்ப்பு என்ற நினைப்புதான் இத்தனைக்கும் காரணம். விசாரணையில் ஜட்ஜ் கேட்கும் கேள்வி தீர்ப்பில்லை. பேப்பர் தலைப்பும் தீர்ப்பில்லை. ஹைகோர்ட் தீர்ப்புக்குள்ளேயே கூட, வழக்கை முடிவு செய்யத் தேவைப்படாத கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது. மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்பைப் பெங்களூர் சிட்டி சிவில் கோர்ட்டில் தாராளமாகக் காட்டலாம்; மதித்துக் கேட்பார்கள், கட்டுப்பட வேண்டியதில்லை.

நீதிபதிகள் எழுதிய நூல்களும் அப்படித்தான். 1904 முதல் 1922 வரை கல்கத்தா ஹைகோர்ட் நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப், அமீர் அலியோடு சேர்ந்து எழுதிய சாட்சியச் சட்ட விளக்கநூல் அருமையான நூல். வாதத்துக்குத் துணை நிற்கும், சட்டமாகாது. அவர்கள் விளக்கிய 1872-ம் வருடச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் இருக்கிறது. மின்னணு ஆதாரத்தோடு தர வேண்டிய பழைய 65பி சான்றிதழ் இப்போது 63-வது பிரிவில் வருகிறது. நிபுணர் கையெழுத்தும், பைல் மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்ணான ஹாஷ் மதிப்பும் வேண்டும். பழைய புத்தகத்தைப் பார்த்துத் தயாரித்தால் அந்தச் சான்றிதழில் ஆட்சேபணை வரும்.

ஆகவே பார்வர்டு வந்தால் முதலில் வழக்கு எண்ணைக் கேளுங்கள். இல்லையென்றால் அழித்துவிடுங்கள். இருந்தால் ஹைகோர்ட் வெப்சைட்டில் முழுத் தீர்ப்பை இறக்கி எந்தக் கோர்ட், என்ன தேதி, எத்தனை நீதிபதிகள் என்று பாருங்கள். அப்பீல் போயிருக்கிறதா, ஸ்டே இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

அக்கா தங்கைகளே, தயவுசெய்து இதெல்லாம் தெரியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். பதிந்த விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்ய சிவில் வழக்குதான் போட வேண்டும். அதற்கும் விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு.