ரேஞ்ச்: வீச்சு

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் சின்னப் பெட்டி போன்ற கணினி ஒன்றை வாங்கி, வரவேற்பறைத் தொலைக்காட்சியோடு எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்துப் படம் பார்க்கிற வீடுகளில் இரண்டு முறையீடுகளைக் கேட்கலாம். ஒன்று, ‘படம் வெளுத்துப் போயிருக்கிறது.’ மற்றது, ‘ராத்திரிக் காட்சி வந்தால் ஒன்றுமே தெரியவில்லை.’ உடனே ரிமோட்டை எடுத்து பிரைட்னஸைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். பல வேளைகளில் கோளாறு அங்கே இருப்பதில்லை. கணினியின் அமைப்புப் பக்கத்தில் ‘ரேஞ்ச்’ என்ற பெயரில், ‘ஃபுல்’, ‘லிமிடெட்’ என்ற இரண்டு தேர்வுகளோடு அது உட்கார்ந்திருக்கும்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே ‘ராங்’ என்றால் வரிசை. அதற்கும் முந்தைய வேர், வளையத்தைக் குறித்த ஜெர்மானியச் சொல் என்பார்கள். ‘ரேங்க்’, ‘ரிங்’, ‘அரேஞ்ச்’ எல்லாம் உறவுக்காரச் சொற்கள். வரிசையைக் குறித்த சொல் நாளடைவில் அந்த வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் குறிக்கத் தொடங்கியது. தமிழில் இதற்கு ஒரே சொல் போதவில்லை. மலைக்குத் தொடர், வனத்துறைக்கும் காவல்துறைக்கும் சரகம், ஏவுகணைக்குப் பாய்ச்சல் தூரம். மலேசிய இடைநிலைப் பள்ளியில் கணிதம் படித்தவர்களுக்கு ‘ஜூலாட்’ என்ற மலாய்ச் சொல்லே முதலில் நினைவுக்கு வரும்.

படத்தின் ஒளிக்கு எதைச் சொல்வது? ‘வரம்பு’ என்று எழுதுவோர் உண்டு. வரம்பு என்பது வயலின் ஓரத்து மண்கரை. அது முடிகிற இடத்தைக் காட்டுமே தவிர, நடுவில் கிடக்கும் நிலத்தைக் காட்டாது. ‘நெடுக்கம்’ நீளத்தை மட்டும் சொல்கிறது. என் வாக்கு ‘வீச்சு’ என்பதற்கே. ‘வீசு’ என்ற வினையில் பிறந்த சொல் இது. வீச்சரிவாளிலும் வீச்சு வலையிலும் இருப்பது, வீசியது எதுவரை எட்டுகிறது என்ற பொருள். தமிழ்நாட்டுப் புள்ளியியல் பாடத்தில் வீச்சு என்றால் மிகப்பெரிய மதிப்பிலிருந்து மிகச்சிறிய மதிப்பைக் கழித்தால் கிடைப்பது. இயற்பியலார் அலையின் உயரத்துக்கும் இதே சொல்லை வைத்திருக்கிறார்கள் என்பது கொஞ்சம் இடைஞ்சல்தான். இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ‘ஃபுல் ரேஞ்ச்’ என்பதற்குச் சொல் தேடவே வேண்டாம். ‘பணிகள் முழுவீச்சில் நடக்கின்றன’ என்று நாளிதழ்கள் எழுதிக்கொண்டேதான் இருக்கின்றன.

இனி எண்களுக்கு வருவோம். எட்டு பிட், அதாவது எட்டு இரும இலக்கக் கணக்கில், திரையின் ஒரு புள்ளியின் ஒளி 0 முதல் 255 வரை இருக்கலாம். கணினிக்கு 0 முழுக் கருமை, 255 முழு வெண்மை. வீச்சு 255. அமைப்புப் பக்கத்து ‘ஃபுல்’ இதுதான். திரைப்படங்களும் தொலைக்காட்சி ஒளிபரப்பும் அப்படியில்லை. அவற்றில் 16தான் கருமை, 235தான் வெண்மை. வீச்சு 219. ‘லிமிடெட்’ என்பது இது. நிற வேறுபாட்டைச் சுமக்கும் இரண்டு தடங்களுக்கு மட்டும் மேல் எல்லை 240. பத்து பிட் படங்களில் 64 முதல் 940 வரை.

இரு ஓரங்களையும் ஏன் வெட்டினார்கள்? 1982-இல் வந்த ‘ரெக் 601’ என்ற பரிந்துரை வகுத்த கணக்கு இது. இன்றைய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பெயரில் ‘பிடி 601’ என்று வழங்குகிறது. அன்று கேமராவிலும் கம்பியிலும் ஓடியது அனலாக் சமிக்ஞை. அது திடீரென்று கருமையிலிருந்து வெண்மைக்குத் தாவும்போது இலக்கைத் தாண்டிச் சற்றே எகிறும், பிறகு அடங்கும். அந்த எகிறலை வெட்டிவிடாமல் தாங்கிக்கொள்ள மேலும் கீழும் இடம் விட்டார்கள். 0, 255 ஆகிய இரு கடைசி எண்களையும் ஒத்திசைவுக் குறிகளுக்கென ஒதுக்கினார்கள். மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்காக விட்ட இடைவெளி மட்டும் நாம் வீட்டில் பார்க்கும் பெரும்பாலான டிஜிட்டல் படங்களில் அப்படியே இருக்கிறது.

கணினி ஒரு வீச்சில் அனுப்பி, தொலைக்காட்சி வேறொரு வீச்சென்று எண்ணிக்கொண்டால் படம் கெடுகிறது. கணினி 16-ஐக் கருமை என்று அனுப்புகிறது, தொலைக்காட்சி 0-வைக் கருமையாக எதிர்பார்க்கிறது என்று வையுங்கள். 16 அங்கே சாம்பல் நிறம். சினிமாஸ்கோப் படத்தின் மேலும் கீழும் வரும் பட்டைகளைப் பார்த்தால் போதும். விளக்கை அணைத்த அறையில் அவை அணைந்த அடுப்புச் சாம்பல்போல் மங்கலாகத் தெரியும். வேட்டியின் வெண்மையும் 235-இல் நின்றுவிடுவதால் அழுக்கேறியது போலிருக்கும். சில கணினிகளில் படம் ஓட்டும் பிளேயர் ஒரு முறை, படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு மறுமுறை என வீச்சை இரு தடவை சுருக்கிவிடும். அப்போது கருமை 30-க்கு ஏறிவிடும்.

நேர்மாறான கோளாறுதான் கொடியது. கணினி முழுவீச்சில் அனுப்ப, தொலைக்காட்சி அதை 16-லிருந்து 235 வரை என்று எண்ணிக்கொண்டால், 16-க்குக் கீழே இருந்த நிழல் எல்லாம் ஒரே கருமை, 235-க்கு மேலே இருந்தது எல்லாம் ஒரே வெண்மை. தைப்பூசத்தையொட்டிக் கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோவிலிலிருந்து பத்துமலைக்குப் புறப்படும் வெள்ளி ரதத்தின் காணொளியை இப்படிப் பாருங்கள். ரதத்தின் செதுக்கு வேலை தெரியாது, வெள்ளையாக ஒரு கட்டி. சுற்றி நிற்பவர்களின் கூந்தல் கறுப்பு மை கொட்டியதாகிவிடும், மல்லிகைச் சரத்தில் பூவுக்குப் பூ பிரிவு இருக்காது.

ரிமோட்டால் ஏன் சரியாவதில்லை? தொலைக்காட்சிகளில் ‘பிரைட்னஸ்’ என்ற பெயரில் வழக்கமாக இருந்துவந்தது கருமையின் மட்டத்தை ஏற்றி இறக்கும் அமைப்பு. திரைக்குப் பின்னாலுள்ள விளக்கின் ஒளியைக் கூட்டுவது ‘பேக்லைட்’. பிரைட்னஸை இறக்கினால் சாம்பல் பட்டை கறுக்கும், வெண்மை அப்படியே மங்கிக் கிடக்கும். நிழல்கள் ஒன்றாக வெட்டுப்பட்டுவிட்ட பிறகு அதை எவ்வளவு ஏற்றினாலும் போனது திரும்பாது. கருமைக் கட்டி சாம்பல் கட்டியாகும், அவ்வளவுதான்.

குழப்பத்தின் ஊற்றுக்கண் எச்டிஎம்ஐ விதியில் இருக்கிறது. தொலைக்காட்சிக்குரிய அளவுகளில், 1080பி போல, படம் போனால் வரையறுத்த வீச்சு (லிமிடெட்) என்றும், கணினித் திரைக்குரிய அளவுகளில் போனால் முழுவீச்சு என்றும் அது இயல்பாகக் கொள்ளும். கணினித் திரையையே எச்டிஎம்ஐ-யில் 1080பி-யாக இணைத்தால் அதையும் தொலைக்காட்சி என்று நினைத்துவிடும். அதனால் ‘ஆட்டோ’வை நம்பாமல் இரு முனையிலும் கையால் வைப்பது நல்லது. என்விடியா கிராபிக்ஸ் கார்டின் அமைப்பில் ‘அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்’ என்றும், ‘கோடி’ (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருளில் ‘லிமிடெட் கலர் ரேஞ்ச்’ என்றும் இருக்கும். தொலைக்காட்சியில் ‘பிளாக் லெவல்’ என்று ஒளிந்திருக்கலாம். அதிலுள்ள ‘லோ’வும் ‘நார்மலு’ம் எந்த வீச்சைக் குறிக்கின்றன என்று பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஏவிஎஸ் எச்டி 709 என்ற இலவசச் சோதனைப் படங்களில் மினுக்கும் பட்டைகள் உண்டு. 17-ஆம் பட்டை மங்கலாகவாவது தெரிந்து, 16-உம் அதற்குக் கீழானவையும் கருமையில் மறைந்தால் பொருத்தம் சரி.

‘லிமிடெட்’ என்பதைக் ‘குறைந்த வீச்சு’ என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. குறைந்தது என்றதும் மட்டமானது என்று நினைத்து எல்லாவற்றையும் முழுவீச்சுக்கு மாற்றிவிடுகிறார்கள். படம் பதிவாகியிருப்பதே 219-இல்தான். முழுவீச்சுக்கு மாற்றினால் புதிதாக நிறம் எதுவும் வந்து சேராது. ‘வரையறுத்த வீச்சு’ என்றால் அந்தக் களங்கம் ஒட்டாது. படம் மட்டும் பார்க்கிற கணினிக்கு இரு முனையிலும் வரையறுத்த வீச்சு, எழுத்து வேலையும் விளையாட்டும் சேர்ந்தால் இரு முனையிலும் முழுவீச்சு என்று வைத்துக்கொள்ளலாம்.