குளிர்நீர் மீனின் காவல் புரதங்கள்

நீலகிரி ஓடைகளில் டிரௌட் மீனைக் கையால் எடுக்க நேர்ந்தால், முதலில் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த விரல் பட்ட இடத்தில் அதன் மேனியை மூடியிருக்கும் வழும்பு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மீன் ஒன்றும் ஆகாததுபோல நீந்திப் போனாலும், அந்த இடம் கிருமிகளுக்குத் திறந்த வாசல்தான். வழும்பில் லைசோசைம் என்னும் நொதி இருக்கிறது. அது பாக்டீரியாவின் செல்சுவரை அரித்து உடைக்கும். இதே நொதியை மனித மூக்குச்சளியில் கண்டு 1922-இல் அறிவித்தவர் அலெக்சாண்டர் பிளெமிங்.

வழும்பைத் தாண்டி இரத்தத்துக்குள் நுழையும் பாக்டீரியாவை எதிர்கொள்வது காம்ப்ளிமென்ட் எனப்படும் புரதத் தொகுதி. அதன் நடுநாயகம் சி3. இந்தப் புரதத்தின் உட்புறத்தில் ஒரு வேதிப் பிணைப்பு, வைத்த பொறிபோல மறைந்திருக்கிறது. புரதம் வெட்டுப்பட்டவுடன் அது வெளிப்பட்டு, அருகிலிருக்கும் பாக்டீரியாவின் மேற்பரப்பை விடாமல் பற்றிக்கொள்கிறது. பற்றிய துண்டு மேலும் பல சி3 புரதங்களை வெட்டும் நொதியின் அங்கமாகிவிடுவதால், சிறிது நேரத்திலேயே கிருமியின் உடலெங்கும் இத்துண்டுகள் படிந்துவிடுகின்றன. கிருமியை விழுங்கி அழிக்கும் விழுங்கணுக்களுக்கு அதுவே அடையாளம். சில கிருமிகளின் மீது சி5 முதல் சி9 வரையிலான புரதங்கள் வளையமாகக் கூடி, ஏறத்தாழ 10 நானோமீட்டர் அகலமுள்ள துளையிடுகின்றன; நீர் உள்ளே பாய்ந்து கிருமி வெடித்துச் சாகிறது. மனிதரிடம் சி3 மரபணு ஒன்றுதான். வானவில் டிரௌட்டிடமோ சி3 பல வடிவங்களில் இருக்கிறது. எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுவே.

இந்த ஆயத்தப் புரதங்களின் அருமை குளிரில்தான் விளங்கும். மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பமே என்பதால், நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கத்து மார்கழிக் குளிரில், குறிப்பிட்ட கிருமியைப் பற்றுவதற்கென்றே உடல் உண்டாக்கும் எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடிகள்) உருவாக வாரக்கணக்கில் ஆகும். கிருமியோ அதுவரை காத்திருக்காது. குளிர்நீரிலும் வேலைசெய்யும் காம்ப்ளிமென்ட்தான் அந்த இடைவெளியைத் தாங்குகிறது.

கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. டிரௌட்டின் உடலில் கட்டிகளை உண்டாக்கும் ஏரோமோனாஸ் சால்மோனிசிடா, தன்மேல் ஒரு புரதக் கவசத்தைப் போர்த்துக்கொண்டு காம்ப்ளிமென்ட் தாக்குதலைத் தாங்கிவிடுகிறது. அத்தகைய கிருமிகளிடம் எதிர்ப்புரதங்களின் துணை வேண்டியிருக்கிறது. மீன்களுக்கே உரிய ஐஜிடி (IgT) என்ற எதிர்ப்புரதம் டிரௌட்டில் 2005-இல் கண்டறியப்பட்டது. குடலிலும் தோலிலும் செவுளிலும் உள்ள வழும்பில் அது கலந்து, அங்கேயே கிருமிகளைப் பற்றிக்கொள்கிறது. கையை நனைக்காமல் தொட்டால் உரிந்துபோவது இதுவும்தான்.